தக்காளியும் தரிசனமும்: ஃபில் விஷரின் தோல்விக் கணக்கு

கிறிஸ்தவ சாட்சிப் புத்தகங்களுக்குன்னு ஒரு அச்சு உண்டு. கஷ்டம் வரும், ஜெபம் நடக்கும், கடைசியில் இழந்தது இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைக்கும். யோபுவின் கதை முடிகிற விதம் அது. நம்ம ஊர்ச் சபைகளில் சாட்சி கேட்டவர்களுக்கும் இது பழக்கம்தான். தொழில் செய்கிறவர் எழுந்து பேசினால் வரிசை இன்னும் தெளிவாகத் தெரியும்: கடன், கண்ணீர், பிறகு புதுக் கட்டடம்.

அமெரிக்கரான ஃபில் விஷர் எழுதிய ‘மீ, மைசெல்ஃப் அண்ட் பாப்’ இந்த அச்சில் வார்க்கப்படாத புத்தகம். ஒரு இளம் கிறிஸ்தவத் தொழில்முனைவோர் எழும்பி, பெருத்து, எல்லாவற்றையும் இழக்கிற கதை. கடைசியில் புதுக் கட்டடம் வருவதில்லை. அதனாலேயே இது முக்கியமான புத்தகம் என்று நினைக்கிறேன். ஆனால் தோல்விக்கு அவர் தருகிற விளக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கு. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

முதலில் கதை. விஷர் 1966-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஆர். ஆர். பிரவுன், 1920-களிலேயே ஒமாஹா நகரத்திலிருந்து வானொலியில் ஆராதனை நடத்திய போதகர். அதாவது புதுத் தொழில்நுட்பத்தை ஊழியத்துக்குப் பயன்படுத்துவது குடும்பத்திலேயே இருந்த விஷயம். ஆனால் பேரன் வேதாகமக் கல்லூரியில் நிலைக்கவில்லை. சிற்றாலய ஆராதனைக்கு ஒழுங்காக வரவில்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கணினி அனிமேஷன் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தது. கை, கால், முடி, உடை எல்லாம் செய்வது பெரும்பாடு. சரி, கையும் காலும் இல்லாத பாத்திரங்களை வைத்தால் என்ன? முதலில் அவர் யோசித்தது ஒரு சாக்லேட் பார். அம்மாமார்கள் திட்டுவார்கள் என்று மனைவி லிசா சொன்னதும் அது வெள்ளரிக்காய் ஆனது. கூட ஒரு தக்காளி சேர்ந்தது. கல்லூரி நண்பர் மைக் நவ்ராக்கியுடன் சேர்ந்து 1993 கடைசியில் ‘வெஜ்ஜிடேல்ஸ்’ முதல் வீடியோவை வெளியிட்டார். அப்போது வயது 27. நிறுவனத்தின் பெயர் பிக் ஐடியா.

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் மெதுவாக ஆரம்பித்த விற்பனை, 1990-களின் கடைசியில் பெரிய பல்பொருள் கடைகள் வரை போனது. கோடிக்கணக்கில் வீடியோக்கள் விற்றன. அடுத்த வால்ட் டிஸ்னி ஆகணும், அதுவும் கிறிஸ்தவ டிஸ்னி ஆகணும் என்ற ஆசை வந்தது. ஆட்கள் சுமார் 200 பேர் ஆனார்கள். பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்த நிர்வாகிகள் வந்தார்கள். வரவை முந்திக்கொண்டு செலவு ஓடியது. 2002 அக்டோபரில் யோனா தீர்க்கதரிசியைப் பற்றிய திரைப்படம் வந்தது. அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 2.5 கோடி டாலர் வசூல். மோசமில்லை, ஆனால் நிறுவனத்தைக் காப்பாற்ற அது போதவில்லை.

அதற்குள் வழக்கு வந்துவிட்டது. முன்பு வீடியோக்களை விநியோகித்த லிரிக் ஸ்டுடியோஸ், ஒப்பந்தத்தை மீறி வேறு விநியோகஸ்தரிடம் போய்விட்டார்கள் என்று வழக்குப் போட்டது. 2003-ல் டல்லாஸ் ஜூரி பிக் ஐடியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தொகை சுமார் 1.1 கோடி டாலர். அதே வருஷம் நிறுவனம் திவால் மனுவுக்குப் போனது. தக்காளியும் வெள்ளரியும் 1.93 கோடி டாலருக்கு கிளாசிக் மீடியாவிடம் போயின. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. அதற்குள் எல்லாம் கைமாறி முடிந்திருந்தது.

இனி விளக்கத்துக்கு வருவோம். விஷர் இந்தத் தோல்விக்கு இரண்டு விளக்கம் தருகிறார். ஒன்று கணக்குப்பிள்ளையின் விளக்கம்: எண்களைக் கவனிக்கவில்லை, தகுதிக்கு மீறி ஆள் எடுத்தேன், நான் நிர்வாகி இல்லை கதைசொல்லி என்பதைப் புரிந்துகொள்ளவில்லை, பெரிசாவதே நல்லது என்று நம்பினேன். இந்தப் பகுதிகள் பிரமாதம். எந்த மதத்துக்காரர் தொழில் தொடங்கினாலும் படிக்கலாம்.

இரண்டாவது விசுவாசியின் விளக்கம். எல்லாம் போன பிறகு கேட்ட ஒரு பிரசங்கம் அவரை உலுக்குகிறது. தேவன் ஒரு கனவைக் கொடுத்து, அதை வளரவிட்டு, பிறகு சாகவும் விட்டால், நமக்குப் பெரிசு கனவா தேவனா என்று பார்க்கத்தான். இதுதான் அவர் எடுத்துக்கொண்ட சாரம். தான் தேவனைவிட தேவனுக்கான வேலையை அதிகமாக நேசித்துவிட்டதாக உணர்கிறார்.

தமிழில் படிக்கிற நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கு. சபை வழக்கில் ‘தரிசனம்’ என்ற ஒரே சொல்தான் தீர்க்கதரிசி கண்டதையும் குறிக்கும், போதகரின் அடுத்த ஐந்து வருஷத் திட்டத்தையும் குறிக்கும். இரண்டும் எவ்வளவு சுலபமாகக் குழம்பும் என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது. விஷருக்கு நடந்ததும் இந்தக் குழப்பம்தான். மேலாண்மைப் புத்தகங்களில் படித்த பெரிய இலக்கு, ஜெபத்தில் கிடைத்த அழைப்பின் குரலில் பேச ஆரம்பித்தது. அப்புறம் செலவைக் குறைக்கச் சொல்வது அவிசுவாசம் மாதிரி ஒலிக்கும். இதை அவரே உணர்ந்து எழுதியிருப்பது புத்தகத்தின் பெரிய பலம்.

ஓட்டை எங்கே என்றால், இரண்டாவது விளக்கம் முதலாவதை விழுங்கிவிடுகிறது. வழக்கையே எடுத்துக்கொள்வோம். இரண்டு நிறுவனங்களும் 1997-லிருந்து கடிதம், ஃபேக்ஸ், ஒப்பந்த வரைவு என்று பரிமாறிக்கொண்டே இருந்தன. முழு ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் வியாபாரம் நடந்தது. மேல்முறையீட்டில் பிக் ஐடியா ஜெயித்ததற்குக் காரணமும் அதுதான்: பதிப்புரிமைச் சட்டப்படி பிரத்யேக உரிமை கொடுப்பதாக இருந்தால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கணும்.

சட்டப்படி சரி. ஆனால் ஆம் என்றால் ஆம் என்று இருக்கச் சொன்ன இயேசுவைப் பின்பற்றுகிற ஒருவருக்கு, எழுதாத வார்த்தையின் மதிப்பு என்ன? எதிர்த்தரப்பு எதை நம்பி அத்தனை வருஷம் விற்றுக்கொடுத்தது? நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை விசுவாசத்தின் கேள்வியாகவே அவர் எடுத்திருக்கலாம் என்கிறேன். அவருடைய ஆன்மிகச் சோதனை முழுக்க உள்மனதிலேயே நடக்கிறது. ஃபேக்ஸ் தாளுக்கு அங்கே இடமில்லை.

இன்னொன்று இதைவிடக் கனமானது. கனவை தேவனிடம் திருப்பிக் கொடுப்பது என்ற எண்ணத்தின் வேர் ஆபிரகாம்–ஈசாக்கு கதையில் இருக்கு. கனவுதான் ஈசாக்கு என்றால், பலிபீடத்தில் ஒரு எண்ணம் கிடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பிக் ஐடியாவில் கட்டைமேல் கிடந்தது எண்ணம் மட்டுமா? அவருடைய அழைப்பை நம்பி வீடு மாறி வந்தவர்கள், சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள். ஆட்குறைப்பு நடந்ததை விஷர் மறைக்கவில்லை, வலியோடுதான் எழுதுகிறார். இருந்தாலும் தேவன் எனக்குக் கற்றுக்கொடுத்தார் என்ற முடிவுக்கு வரும்போது, என் பாடத்துக்கு ஏன் அவர்கள் கட்டணம் கட்டினார்கள் என்ற கேள்வி எழணும். புத்தகம் அதன் பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது.

இது விஷரின் தனிக்குறை இல்லை. சாட்சி என்ற வடிவத்தின் குறை. அதில் பேசுகிறவர் ஒருவர், கேட்கிற தேவன் ஒருவர். மூன்றாவது ஆளுக்கு நாற்காலி கிடையாது.

தோல்வி அவரை உண்மையாகவே மாற்றியதா என்று கேட்டால், மாற்றியது என்றே சொல்வேன். அடுத்து ஆரம்பித்த சிறு நிறுவனத்துக்கு ஜெல்லிமீனின் பெயரை வைத்தார். தன் திசையைத் தானே தீர்மானிக்காமல் நீரோட்டத்தோடு போகிற பிராணி. 2010-லிருந்து, குழந்தைகளுக்கு முழு வேதாகமத்தையும் விளக்குகிற 13 பாக வீடியோ தொடரைச் செய்தார். அதைவிட முக்கியம், 2011-ல் ஒரு பேட்டியில் வெஜ்ஜிடேல்ஸ் மீதே கைவைத்தார். அன்பாக இரு, மன்னித்துவிடு என்று நன்னடத்தையைத்தான் சொல்லிக்கொடுத்தேன், கிறிஸ்தவத்தை இல்லை என்கிற பொருளில் பேசினார். நிறுவனம் போனதற்கு வருந்துவது ஒன்று. ஜெயித்த காலத்துப் படைப்பையே திரும்ப எடுத்துப் பார்ப்பது வேறு. அதற்கு நிறைய நேர்மை வேண்டும்.

தொழில் தொடங்கப்போகிற விசுவாசி நண்பர்களுக்கு இந்தப் புத்தகத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே ஒரு யோசனை: பிரசங்கம் வருகிற கடைசிப் பகுதி மனசைத் தொடும், அதோடு மூடி வைத்துவிடத் தோன்றும். மூடாமல் எண்களும் ஆட்களும் வருகிற நடுப் பகுதிக்கு இன்னொரு முறை திரும்பிப் போங்கள்.