நீலத் திரையும் நம் மாணவர்களும்

நம் மாநிலத்தில் கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்றவர்களில் மிகப் பலர் முதன்முதலில் கண்டது ஒரு நீலத் திரையாகத்தான் இருக்கும். மேலே சாம்பல் நிறப் பட்டை. கீழே நீலப் பரப்பில் மஞ்சள் எழுத்துகள். 'டர்போ சி++' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் போர்லண்ட் நிறுவனம் அதன் முதல் பதிப்பை 1990-இல் வெளியிட்டது. டாஸ் என்னும் இயக்க அமைப்பின்மீது ஓடுவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. அந்த டாஸின் தனிப் பதிப்புகள் 1994-இல் வெளிவந்த 6.22-உடன் நின்றுவிட்டன. ஆயினும் பல கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நீலத் திரை இன்னும் அணைந்தபாடில்லை.

ஒரு நூலை மதிப்பிடுவதுபோல் இக்கருவியையும், அதை நாம் கையாளும் முறையையும் மதிப்பிட்டுப் பார்ப்போம். 'பழையது, தூக்கி எறியுங்கள்' என்பது ஒரு தீர்ப்பு. 'பழையதுதான் அடிப்படை, அதையே கற்பியுங்கள்' என்பது மற்றொரு தீர்ப்பு. இரண்டும் அவசரத் தீர்ப்புகள் என்பது என் கருத்து. ஏன் என்று காண்போம்.

டாஸ் என்பது என்ன?

1980-இல் சியாட்டில் நகரில் டிம் பேட்டர்சன் என்ற பொறியாளர் 86-டாஸ் என்ற சிறிய இயக்க அமைப்பை எழுதினார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை 1981-இல் விலைக்கு வாங்கிச் செப்பம் செய்து, அவ்வாண்டு வெளிவந்த ஐபிஎம் கணிப்பொறிக்கு அளித்தது. ஒரு நேரத்தில் ஒரு நிரல். அந்த நிரலுக்கே முழுக் கணிப்பொறியும் சொந்தம் என்பதே டாஸின் இலக்கணம். நினைவகம், விசைப்பலகை, அச்சுப்பொறி வாயில் ஆகிய எதை வேண்டுமானாலும் நிரல் நேரடியாகத் தொடலாம். தடுப்பார் இல்லை.

இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. தவறான முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் கணிப்பொறி முழுவதுமே உறைந்துபோகும். ஆனால் வெளியே உள்ள ஒரு மோட்டாரையோ விளக்கையோ இயக்க வேண்டுமென்றால் இதைவிட எளிய வழி இல்லை. அச்சுப்பொறி வாயிலின் எட்டுக் கம்பிகளில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்க ஒரே ஒரு வரி போதும். இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் படிமோட்டாரை அப்படித்தான் சுழற்றினார்கள். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பிற்கால அமைப்புகள் சாதாரண நிரலுக்கு அந்த உரிமையைத் தருவதில்லை. பல நிரல்கள் ஒரே வேளையில் ஓடும் இடத்தில் ஆளுக்கு ஆள் வாயிலைத் தொட்டால் குழப்பமே மிஞ்சும் என்பதுதான் காரணம்.

கருவியின் சிறப்புகள்

டர்போ சி++ தோன்றிய காலத்தில் அது ஓர் அருமையான படைப்பு. அதற்கு முன் பலரும் நிரலை ஒரு கருவியில் எழுதி, வேறொன்றில் மொழிமாற்றி, மூன்றாவதில் பிழை தேடினார்கள். போர்லண்ட் இம்மூன்றையும் ஒரே திரையில் கொண்டுவந்தது. சில மெகாபைட் இடம் போதும். எழுதியது நொடிகளில் ஓடும். எந்தச் சொல்லின்மீது ஐயம் வந்தாலும் விளக்கம் அத்திரையிலேயே கிடைக்கும். ஆசிரியர் அருகில் இல்லாத மாணவனுக்கு அந்த விளக்கமே ஆசிரியர். இவற்றை மறுப்பவர் அக்காலத்தை அறியாதவர்.

குறைகள் மூன்று

முதற்குறை மொழியைப் பற்றியது. சி++ மொழிக்கு உலகத் தரம் வகுக்கப்பட்டது 1998-இல். டர்போ சி++ அதற்கு முந்தியது. ஆகவே அதில் எழுதிப் பழகியவன் 'வாய்ட் மெயின்' என்று தொடங்குகிறான். இன்றைய ஜிசிசி தொகுப்பி அதைப் பிழை என்று திருப்பி அனுப்புகிறது. 'ஐஓஸ்ட்ரீம்' என்ற தலைப்புக்கோப்பின் பெயருக்குப் பின் 'புள்ளி எச்' சேர்க்கிறான். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வருகிறது. திரையைத் துடைக்கும் ஆணையை முதல் வரியாக எழுதுகிறான். அது மொழியின் பகுதியே அன்று, போர்லண்ட் தன் வசதிக்குச் சேர்த்தது. பிழை மாணவனுடையது அன்று. முப்பது ஆண்டுகளுக்கு முந்திய வட்டார வழக்கை இலக்கணம் என்று நாம் சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

இரண்டாம் குறை எண்களைப் பற்றியது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1 முதல் 255 வரை உள்ள எண்களைக் கூட்டும் நிரலை நீலத் திரையில் எழுதுங்கள். முழு எண்களுக்குரிய 'இன்ட்' வகையையே பயன்படுத்துங்கள். விடை 32640. சரியான விடைதான். இப்போது 256-ஐயும் சேர்த்துக் கூட்டச் சொல்லுங்கள். 32896 வரவேண்டும். வருவதோ -32640!

இது மாயமன்று. டர்போ சி++ இல் ஒரு முழு எண்ணுக்கு 16 பிட் இடம். 16 பிட்டுகளால் 65536 வேறுபட்ட எண்களைக் குறிக்கலாம். அவற்றில் பாதி குறை எண்களுக்குப் போய்விடுவதால் மிகப்பெரிய எண் 32767. அதைத் தாண்டினால், மிதிவண்டியின் தூரமானி 9999-க்குப் பின் 0000-க்குத் திரும்புவதுபோல், எண் மறுகோடிக்குச் சென்றுவிடுகிறது. 32896-இலிருந்து 65536-ஐக் கழித்துப் பாருங்கள், -32640 கிடைக்கும்.

இன்றைய தொகுப்பிகளில் முழு எண்ணுக்கு 32 பிட். ஆகவே அங்கே இந்தப் பிழை வராது. ஆனால் 1 முதல் 65536 வரை கூட்டச் சொல்லுங்கள். விடை 2147516416, 32 பிட்டின் எல்லையோ 2147483647. அங்கேயும் பெரும்பாலும் குறை எண்ணே தோன்றும். எல்லை தள்ளிப் போயிருக்கிறது, மறைந்துவிடவில்லை. இரண்டு கருவிகளிலும் இச்சோதனையைச் செய்து காட்டும் ஆசிரியர் ஓர் அழியாத பாடத்தை நடத்துகிறார். ஒரே கருவியை மட்டும் காட்டி, 'முழு எண் என்றால் 32767 வரை' என்று மனப்பாடம் செய்யவைப்பவர் காலாவதியான செய்தியை உண்மை என்று விற்கிறார்.

மூன்றாம் குறை நம் மொழியைப் பற்றியது. டாஸ் திரையில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆக 256 வடிவங்கள்தாம் உண்டு. அவற்றுள் தமிழ் இல்லை. அக்காலத்தில் கணிப்பொறியில் தமிழைக் கொண்டுவர முயன்றவர்கள் ஆளுக்கொரு முறை வகுக்க நேர்ந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு போன்ற மென்பொருள்கள் அந்த உழைப்பின் பயன். ஒருவர் முறையில் எழுதியதை மற்றவர் முறையில் படிக்க முடியாத தொல்லையும் கூடவே வந்தது. யூனிகோட் 1991-இல் தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கியது. இன்று 'பாரூர்' என்ற சொல் யூனிகோடில் ஆறு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் பதினெட்டுப் பைட்டுகள். பாரூரிலிருந்து வரும் மாணவி தன் ஊரின் பெயரை நீலத் திரையில் அச்சிட முடியாது. தமிழ்வழியில் படித்த அவளுக்கு, கணிப்பொறிக்கும் தன் மொழிக்கும் தொடர்பில்லை என்ற எண்ணத்தை அத்திரை சொல்லாமல் சொல்கிறது. இதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை என்பேன்.

ஒரே சாலை, இரு வேலைகள்

இனி இந்தக் கேள்வி நம் வட்டாரத்தை எப்படித் தொடுகிறது என்று பாருங்கள். பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் ஊர்களின் பிள்ளைகள் வேலை தேடிச் செல்லும் சாலை ஒன்றே. கிருஷ்ணகிரி வழியாக ஓசூர். அதைத் தாண்டி அத்திப்பள்ளி. அதற்கும் அப்பால் பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டி. ஓசூரில் சிப்காட் பேட்டையும், பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்துதரும் சிறு பட்டறைகளும் உள்ளன. எல்லைக்கு அப்பால் மென்பொருள் நிறுவனங்கள் உள்ளன.

பட்டறைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நன்றாகப் பேணப்பட்ட ஒரு கடைசல் எந்திரம் இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்கும். அதை இயக்கும் கணிப்பொறி அதில் கால்பங்கு காலத்திலேயே பழையதாகிவிடும். எந்திரத்தின் கட்டுப்பாட்டு அட்டை பழைய கணிப்பொறியில்தான் பொருந்தும். அதன் நிரல் டாஸிலோ எக்ஸ்பியிலோதான் ஓடும். கணிப்பொறி பழையது என்பதற்காகப் பல லட்ச ரூபாய் எந்திரத்தை எவர் எறிவார்? ஆகவே உலகெங்கும் பட்டறைகளில் பழைய இயக்க அமைப்புகள் உயிரோடு இருக்கின்றன. அவற்றை அறிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு.

அப்படியானால் நீலத் திரையில் படித்த மாணவன் பட்டறைக்குப் பொருத்தமானவன் அல்லவா என்று கேட்பீர்கள். இல்லை என்பதே வருத்தம். டாஸ் எப்படித் தொடங்குகிறது, எந்தக் கோப்பு முதலில் படிக்கப்படுகிறது, வாயிலின் முகவரி எது, பாதுகாப்பு மின்கலம் தீர்ந்தால் எந்த அமைப்புகள் மறந்துபோகும் ஆகிய எதையும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. அதனால் அவன் டாஸைக்கூட உண்மையில் காண்பதில்லை. 'டாஸ்பாக்ஸ்' என்ற போலி டாஸுக்குள்தான் நீலத் திரையைக் கண்டான். எலக்ட்ரானிக் சிட்டிக்குச் சென்றால் அவன் எழுதும் மொழி செல்லாது. ஓசூரில் நின்றால் அவன் அறிந்தது போதாது. சாலையின் இரு முனைகளிலும் அவனுக்கு இடமில்லை.

பழையதைப் பேணும் முறை

பழைய அமைப்பில் வேலை செய்வது இழிவன்று; அதற்கென ஒரு நெறி இருக்கிறது. பாரூர் ஏரி பழையது என்று எவரும் அதைத் தூர்த்துவிடுவதில்லை. பழையது என்று தெரிந்துதான் கரையைப் பலப்படுத்துகிறோம், மதகைப் பார்க்கிறோம், நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாயைத் தூர் வாருகிறோம். மென்பொருளுக்கும் அதுவே வழி.

எந்திரத்தோடு வந்த வன்தட்டின் முழுப்படியை, அது பழுதாவதற்கு முன்பே, இரண்டு இடங்களில் எடுத்துவைக்க வேண்டும். மூலநிரல் கிடைத்தால் பொன்னேபோல் காக்க வேண்டும். ஓடும் கோப்பு மட்டும் இருந்து மூலநிரல் தொலைந்துவிட்டால் ஒரு சிறு திருத்தமும் பெரும்பாடாகும். அந்தக் கணிப்பொறியை இணையத்தோடு இணைக்கக் கூடாது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்தியது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற தீநிரல் பல நாடுகளில் பரவியபோது விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் வந்தது. அத்தகைய தயவு மறுமுறையும் கிடைக்கும் என்று எவரும் நம்பியிருக்கலாகாது.

புதிதாக நிரல் எழுத வேண்டுமென்றால் அதற்கும் இன்று நல்ல கருவிகள் உண்டு. 1994-இல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ் இன்றும் வளர்ந்துவருகிறது, அதன் 1.3 பதிப்பு 2022-இல் வெளிவந்தது. ஓப்பன் வாட்காம் என்ற தொகுப்பியைப் புதிய கணிப்பொறியில் வைத்துக்கொண்டு டாஸுக்கான நிரலை ஆக்கலாம். எழுதுவது புதிய மேசையில், ஓடுவது பழைய எந்திரத்தில். மைக்ரோசாஃப்ட்டே டாஸ் 4.00-இன் மூலநிரலை 2024-இல் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டுவிட்டது. ஓர் இயக்க அமைப்பின் உட்புறத்தைக் காண விரும்பும் மாணவனுக்கு இது ஒரு புதையல்.

மாறாததற்குக் காரணம்

பணமில்லை என்று சொல்ல முடியாது. ஜிசிசி தொகுப்பி 1987 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. நூலில்லை என்றும் சொல்ல முடியாது. நம் மாநிலத்தின் புதிய மேல்நிலைப் பாடநூல்கள் பதினொன்றாம் வகுப்பில் புதிய தொகுப்பியையும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியையும் கொண்டுவந்துவிட்டன. பள்ளியில் புதியதைக் கற்ற பிள்ளை கல்லூரிக்கு வந்து பழையதைக் கற்கும் விந்தையும் சில இடங்களில் நிகழ்கிறது.

உண்மைக் காரணம் செய்முறைத் தேர்வு. பதிவேட்டில் பத்துப் பன்னிரண்டு நிரல்கள், ஆண்டுதோறும் அவையே. வருகின்ற தேர்வாளரும் அவற்றையே எதிர்பார்க்கிறார். ஒரு வரியை மாற்றினால் மதிப்பெண் குறையுமோ என்று மாணவன் அஞ்சுகிறான். மாற்றினால் விளக்கம் சொல்ல வேண்டுமே என்று ஆசிரியர் தயங்குகிறார். கருவியின் ஆயுள் இப்படித்தான் நீள்கிறது. இயற்பியல் ஆசிரியர்கள் இதற்கு மாற்று உண்டு என்று காட்டியிருக்கிறார்கள். புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் அஜித் குமார் முதலியோர் உருவாக்கிய 'எக்ஸ்பைஸ்' என்ற சிறு பெட்டி, மின்னழுத்தத்தையும் ஒலியையும் அளந்து பைத்தான் மூலம் கணிப்பொறிக்குத் தருகிறது. வாயிலை நேரடியாகத் தொட்டுச் செய்த அதே சோதனைகளை, இன்றைய அமைப்பில், குறைந்த செலவில் செய்ய முடிகிறது.

ஆகவே தீர்ப்பு இதுதான். நீலத் திரையை முதல் ஆசிரியர் பதவியிலிருந்து விடுவித்துவிடலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் உண்மையான பழைய கணிப்பொறி ஒன்றை, ஃப்ரீடாஸுடன், ஒரு படிமோட்டாரையும் இணைத்து வைத்திருக்கலாம். பழையது என்று பெயர் சொல்லி, அதன் ஆண்டைச் சொல்லி, ஏன் அப்படி இருக்கிறது என்று காரணத்தையும் சொல்லிக் கற்பித்தால், அது வரலாறாகவும் தொழிலாகவும் பயன்படும். சொல்லாமல் கற்பித்தால் அது ஏமாற்று.

மாணவ நண்பர்களே, அடுத்த செய்முறை வகுப்பில் அந்தக் கூட்டல் நிரலைப் போட்டுப் பாருங்கள். 255-க்கும் 256-க்கும் இடையில் என்ன நடந்தது என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் அந்தக் கேள்விக்கு மகிழ்வார்.