சிறகுடைய சேனைகளும் எல்லைப்புறக் கிராமங்களும்

கற்பனை ராஜ்யங்களைச் சிருஷ்டித்து அவற்றின் சரித்திரத்தை எழுதிச் செல்லும் ஆங்கில நாவல் வகையில், டிராகனின் முதுகிலேறிப் போர் புரியும் வீரர்களின் கதை ஒரு தனிக் கிளையாகத் தழைத்து அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. 2025 ஜனவரியில் வெளிவந்த ரெபேக்கா யாரோஸின் 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது என்றால், இதைச் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது இனி நியாயமாகாது. படிக்கிறவர்களில் பெரும்பாலோர் பறத்தலின் பரவசத்தையும், வீரனுக்கும் அவன் ஏறிவரும் ஜீவனுக்கும் இடையே வளரும் ஸ்நேகத்தையுமே சிலாகிக்கிறார்கள், அவை சிலாகிக்கத்தக்கவைதாம். ஆயினும் இக்கதைகளில் அநேகமாக எல்லாவற்றிலும் தலைமுறை தலைமுறையாக முடியாத ஒரு யுத்தம் எங்கோ எல்லைப்புறத்தில் நடந்துகொண்டே இருக்கிறது. அந்த யுத்தத்தை முடியவிடாமல் வைத்திருப்பவர் யார், அதற்கு வரி கொடுப்பவர் யார், எரிகிற கூரை யாருடையது என்னும் கேள்விகளை ஓர் ஆசிரியர் எவ்வளவு நேர்மையோடு எதிர்கொள்கிறார் என்பதைக் கொண்டே இவ்விலக்கியத்தின் தரத்தை நிர்ணயிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மண்ணாசை காரணமாக ஒரு வேந்தன் இன்னொருவன்மேல் படையெடுப்பதை வஞ்சித் திணையாக வகுத்த தொல்காப்பியர், பகைவர் நாட்டில் தீப் பரவுவதை அத்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தார். தீயையே படைக்கலமாகக் கொண்ட இந்நாவல்களைப் படிக்கும்போது அந்த இலக்கணம் தமிழ் வாசகருக்கு நினைவு வராமற் போகாது.

இக்கிளைக்கு வித்திட்டவர் ஆன் மக்காஃப்ரி. 1967இல் 'அனலாக்' பத்திரிகையில் வெளிவந்த அவருடைய 'வேர் சர்ச்' என்னும் குறுநாவலுக்கு மறு ஆண்டு ஹியூகோ பரிசு கிடைத்தது. புனைகதைக்காக அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. அவர் படைத்த பெர்ன் என்னும் உலகில் எதிரி மனிதனல்லன். செந்நிறக் கோள் ஒன்று நெருங்கிவரும் காலங்களில் ஆகாயத்திலிருந்து விழுந்து, உயிருள்ள யாவற்றையும் தின்று தீர்க்கும் இழைகள். அவற்றை வானத்திலேயே எரித்துவிட டிராகன் வீரர்கள். அவர்களுக்குச் சோறு போடக் குடியானவர் அளக்கும் தானியம். நானூறு ஆண்டுகளாக இழை விழாமற்போகவே, 'இந்த வீரர்களுக்கு நாம் ஏன் படியளக்க வேண்டும்?' என்று நிலப்பிரபுக்கள் முணுமுணுக்கும் காலத்தில் 'டிராகன்ஃப்ளைட்' (1968) தொடங்குகிறது. சேனை என்பது ஒரு செலவு, அச்செலவு எவர் களஞ்சியத்திலிருந்தோ வருகிறது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது மக்காஃப்ரியின் பெருமை. ஆனால் எதிரிக்கு முகமும் வாயும் இல்லாதபடியால் நியாயம் வீரர் பக்கமே என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. படை திரட்டி வந்த பிரபுக்களைப் பணியவைக்க வீரர்கள் பறந்துபோய் அவர்களுடைய மனைவியரைக் கவர்ந்து வருவதைக்கூட ஆசிரியை சாமர்த்தியமாகவே காட்டிச் செல்கிறார்.

ஜார்ஜ் மார்ட்டின் இந்த நிச்சயத்தைக் குலைத்தவர். அவர் படைத்த வெஸ்டரோஸ் என்னும் கண்டம் முழுவதையும் மூன்று டிராகன்களால் அடிப்படுத்திய அரசன் ஏகன், தெற்கே டோர்ன் என்னும் பாலை நிலத்தை மட்டும் வெல்ல முடியாமற்போன வரலாறு 'ஃபயர் அண்ட் ப்ளட்' (2018) நூலில் விஸ்தாரமாக வருகிறது. டிராகன் வரும்போது டோர்ன் மக்கள் கோட்டைகளைக் காலி செய்துவிட்டு மலையிலும் மணலிலும் மறைந்துவிடுகிறார்கள்; அது திரும்பிய பின் வந்து, விட்டுச் சென்ற காவற்படையைத் தீர்க்கிறார்கள். ஒரு கோட்டையின் மேலிருந்து விடுத்த இரும்புக் கணை மெராக்ஸிஸ் என்ற டிராகனின் கண்ணில் பாய, அதன்மேல் இருந்த அரசி ரேனிஸும் அதனோடு விழுகிறாள். அதற்குப் பழியாக டோர்னின் கோட்டைகள் திரும்பத் திரும்ப எரிக்கப்படுகின்றன. அப்படியும் நாடு பணியவில்லை. கடைசியில் டோர்ன் இளவரசி ஒருத்தி அந்த டிராகனின் மண்டையோட்டையும் தன் தந்தையின் கடிதம் ஒன்றையும் கொண்டு வருகிறாள். சிம்மாசனத்தில் அமர்ந்தபடி கடிதத்தைப் படித்த ஏகன், கையில் ரத்தம் கசியுமளவு அதை இறுகப் பிடித்திருந்து, பிறகு எரித்துவிட்டுச் சமாதானத்துக்கு இசைகிறான். கடிதத்தில் என்ன இருந்தது என்பதை மார்ட்டின் சொல்லவேயில்லை. தீயினால் முடிக்க இயலாத யுத்தத்தை ஓர் ஓலை முடித்தது என்பதோடு நிறுத்திக்கொண்ட அந்த நிதானம் பெரிய கலைஞனுடையது. அந்நூலையொட்டி எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடரின் 2024ஆம் ஆண்டுப் பகுதியில், எல்லைக் கல்லை நகர்த்தினார்கள் என்றும் மாடு மேய்த்தார்கள் என்றும் இரு குலத்து இளைஞர்கள் வாய்ச்சண்டையிட்டு ஒருவன் வாளை உருவ, அடுத்த காட்சியில் வயல் நிறையப் பிணங்கள் கிடக்கின்றன. போரைக் காட்டாமலே அதன் காரணத்தையும் பலனையும் அருகருகே வைத்துவிட்ட அந்தக் காட்சி, ஆநிரை கவர்தலில் போர் தொடங்கும் நம் வெட்சித் திணைக்கு வெகு சமீபமானது.

நவோமி நோவிக் கற்பனை ராஜ்யத்தைத் தேடிப் போகாமல், நெப்போலியன் காலத்து ஐரோப்பாவிலேயே டிராகன்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். 2006இல் தொடங்கி 2016இல் முடிந்த அவருடைய ஒன்பது நாவல்களில், பிரெஞ்சுக் கப்பலொன்றைப் பிடித்த ஆங்கிலேயக் கப்பல் தலைவன் லாரன்ஸ், அதிலிருந்த முட்டையிலிருந்து பிறந்த டெமரெய்ர் என்னும் டிராகனின் தலைவனாகிறான். இந்த டிராகன் பேசுகிறது. அதைவிட முக்கியம், கேள்வி கேட்கிறது. சீனத்துக்குப் போன இடத்தில், டிராகன்கள் கூலி வாங்கி, நகர வீதிகளில் மனிதரோடு சமமாக நடமாடுவதைக் கண்டு வந்தபின், இங்கிலாந்தில் தன் இனம் மட்டும் ஊருக்கு வெளியே கொட்டடியில் கிடப்பானேன் என்று கேட்கிறது. நான்காம் நாவலான 'எம்பயர் ஆஃப் ஐவரி'யில் இக்கேள்வி உச்சத்தை அடைகிறது. ஆங்கிலேய டிராகன்களிடையே ஒரு கொள்ளைநோய் பரவுகிறது. தென்னாப்பிரிக்காவில் விளையும் ஒரு காளானே அதற்கு மருந்து என்று பெரும்பாடுபட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். உடனே கடற்படை அதிகாரிகள், நோயுற்ற டிராகன் ஒன்றைப் பிரான்சுக்குள் விட்டு, பகைவருடைய டிராகன்கள் யாவும் மடியும்படி சூழ்ச்சி செய்கிறார்கள். லாரன்ஸும் டெமரெய்ரும் அந்த மருந்தைத் திருடிக்கொண்டுபோய்ப் பகைவர் கையிலேயே கொடுக்கிறார்கள். அது ராஜத் துரோகம் என்பதையும் தண்டனை மரணம் என்பதையும் நன்கறிந்தே லாரன்ஸ் நாடு திரும்பித் தன்னை ஒப்படைக்கிறான். தேசபக்தி எவ்விடத்தில் தர்மத்தோடு முரண்படுகிறது என்பதை வீர சாகசக் கதையொன்று இத்தனை கண்டிப்போடு வாசகன்முன் வைத்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கிறிஸ்டபர் பயோலினியின் 'எரகான்' வரிசை கொடுங்கோலன் ஒருவனையும் புரட்சிக்காரரையும் பழைய சம்பிரதாயப்படியே நிறுத்திக் கதை சொல்வது; இளைஞர் பலரை இத்துறைக்கு இழுத்து வந்ததற்காக அதற்கு நன்றி சொல்லலாம். சமந்தா ஷானனின் 'தி பிரையரி ஆஃப் தி ஆரஞ்ச் ட்ரீ' (2019), கீழ்த்திசையார் டிராகனைத் தெய்வமென வணங்க, மேற்றிசையார் அதையே பிசாசென வெறுக்கும் உலகைக் காட்டி, எல்லை என்பது நிலத்தில் மட்டும் இல்லை என்று உணர்த்துகிறது.

யாரோஸ் இராணுவக் குடும்பத்தில் பிறந்து இராணுவ வீரரை மணந்தவர். 2023இல் வெளிவந்த 'ஃபோர்த் விங்' நாவலில் நவார் என்னும் ராஜ்யம், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் ஏறிப் பறக்கும் அண்டை நாட்டாரோடு நூற்றாண்டுக்கணக்காகப் பொருதுகொண்டிருக்கிறது. போர்க் கல்லூரியில் ஒவ்வொரு காலையும் மடிந்த மாணவர்களின் பெயர்கள் வரிசையாக வாசிக்கப்படுகின்றன. வகுப்பில் பெரிய தேசப்படம் ஒன்றின்முன், எல்லையில் நடந்த தாக்குதலின் செய்தி சொல்லப்பட்டு, மாணவர்கள் கேள்வி கேட்கும்படி ஏவப்படுகிறார்கள். நூலகத்தில் வளர்ந்த வயலெட் என்ற பெண், தாக்கப்பட்ட கிராமம் என்ன உயரத்தில் இருக்கிறது என்று கேட்கிறாள். அவ்வளவு உயரத்தில் கிரிஃபின்கள் தாக்கத் துணிவது இயல்பில்லையே என்பது அவள் சந்தேகம். நாவலின் முழு ரகசியமும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. மண்ணின் சாரத்தையே உறிஞ்சி நிலத்தைச் சாம்பலாக்கும் வேறொரு பகை இருப்பதையும், மந்திரக் காவலுக்கு வெளியே கிடக்கும் அண்டை நாட்டார் அதற்கு இரையாவதையும் அறிந்த ஆட்சியாளர், அதைத் தம் பிரஜைகளுக்கு மறைத்து, ஏடுகளைத் திருத்தி, உதவி தேடி வருபவனையே பகைவனென்று காட்டிவந்திருக்கிறார்கள். காதற்காட்சிகளின் மிகுதியும் நடையின் அவசரமும் இந்நாவலின் குறைகள். ஆனாலும் யுத்தம் பொய்யான ஏடுகளால் வளர்க்கப்படுகிறது என்னும் உண்மையை லட்சக்கணக்கான இளம் வாசகருக்கு எடுத்துச் சென்ற நூல் என்ற வகையில் இதை நான் மதிக்கிறேன்.

அதே ஆண்டில் வெளிவந்த மோனிக்வில் பிளாக்கூஸின் 'டு ஷேப் எ டிராகன்ஸ் பிரெத்', தங்கள் மண்ணைக் கைப்பற்றிய குடியேறிகளின் கல்லூரிக்குத் தன் டிராகனோடு போகும் பூர்வகுடிப் பெண் அனெகுஸின் கதை. பிறர் கோடு கிழித்து ஆளும் மண் தன் முன்னோருடையது என்ற நினைவோடு அவள் ஒவ்வொரு வகுப்பிலும் உட்காருகிறாள். இந்த வரிசையில் அதுவரை இல்லாத குரல் அது.

இவற்றுள் ஒன்றையேனும் படிக்க விரும்பும் தமிழ் வாசகர் நோவிக்கின் நாவல் வரிசையை முதலிலிருந்து எடுத்துக்கொள்வாராக. மற்ற நூல்கள் பலவற்றில் டிராகன் ஒரு படைக்கலம், டெமரெய்ரோ தன் மனச்சாட்சிப்படி நடக்கிற ஒரு பிரஜை.