மூளையும் பரம்பரையலகும்: ஓர் ஆகுபெயர்ச் சிக்கல்

மூளை, பரம்பரையலகு, மனித நடத்தை ஆகியவை பற்றிப் பொது வாசகருக்காக எழுதப்பட்ட நூல்களைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். நான் விஞ்ஞானம் படித்தவனல்லன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, அதையே படிப்பித்துக்கொண்டிருப்பவன். எனவே அந்நூல்களின் விஞ்ஞானத்துக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அவற்றின் மொழியைப் பற்றியும், அம்மொழியை நாம் வாசிக்கும் விதத்தைப் பற்றியும் சொல்லச் சில விடயங்கள் உண்டு.

ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறேன். பத்தாம் தரத்துப் பையன் ஒருவன் சக மாணவனுக்கு அடித்து மூக்கை உடைத்துவிட்டான். ஸ்டாஃப் ரூமில் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். “இவன்ட வாப்பாவும் இப்பிடித்தான். ரத்தத்துல ஊறின குணம், நாம என்ன செய்ற?” என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். கொப்பிகளைச் சுமந்துகொண்டு வாசலில் நின்ற பிள்ளைகளுள் அவனுடைய தம்பியும் நின்றதைப் பிறகுதான் கண்டேன். அண்ணனுக்குச் சொன்ன தீர்ப்பு தம்பிக்கும் வாப்பாவுக்கும் சேர்த்தே சொன்னதாகிவிட்டது.

அந்நாட்களில் நான் வாசித்துக்கொண்டிருந்த நூல் ரொபர்ட் சபோல்ஸ்கியின் ‘பிஹேவ்’. 2017இல் வெளிவந்தது. ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், மூளையையும் ஓமோன்களையும் ஆராய்பவர். கென்யாவில் பபூன் குரங்குகளின் வாழ்க்கையைப் பல வருடங்களாக அவதானித்தவர். நூலின் அமைப்பே அதன் பெரிய பலம். ஒரு மனிதன் ஒரு செயலைச் செய்கிறான். அதற்கு ஒரு வினாடிக்கு முன் அவன் மூளையில் என்ன நடந்தது? சில நிமிடங்களுக்கு முன் எதைக் கண்டான், எதைக் கேட்டான்? சில மணித்தியாலங்களுக்கு முன் அவன் உடலில் ஓமோன்களின் நிலை என்ன? கட்டிளமைப் பருவம், பிள்ளைப் பருவம், தாயின் கருவறை, பரம்பரையலகுகள், முன்னோரின் கலாசாரம், பரிணாமம் என்று கேள்வி பின்னோக்கி நீண்டுகொண்டே போகிறது. இந்த நீண்ட சங்கிலியில் பரம்பரையலகு ஒரு கண்ணி மட்டுமே. வாப்பாவிலிருந்து மகனுக்கு ஒரே பாய்ச்சலில் தாவிய என் வாயை அடைக்க இந்த நூலின் பொருளடக்கமே போதுமாக இருந்தது.

ஆனால் இத்துறையில் பரவலாக வாசிக்கப்படுவது இப்படியான பொறுமையல்ல, தலைப்புகள்தான். ‘போர்வீரர் பரம்பரையலகு’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 1993இல் நெதர்லாந்துக் குடும்பமொன்றைப் பற்றிய ஆய்வு வெளியாகியது. அக்குடும்பத்தின் ஆண்கள் பலரிடம் திடீர் மூர்க்கமும் அறிவு வளர்ச்சிக் குறைவும் காணப்பட்டன. அவர்களிடம் எம்.ஏ.ஓ.ஏ என்ற நொதியத்தை உருவாக்கும் பரம்பரையலகு பழுதடைந்திருந்தது. இது மிக அரிதான நிலை. அதே பரம்பரையலகின் சாதாரணமான, செயற்பாடு குறைந்த வடிவம் கோடிக்கணக்கானோரிடம் இருக்கிறது. பின்னர் பத்திரிகைகள் ‘போர்வீரர்’ என்ற பட்டத்தை இந்தச் சாதாரண வடிவத்துக்கே சூட்டின.

2002இல் வெளியான இன்னோர் ஆய்வு நியூசிலாந்தின் டனீடின் நகரத்தைச் சேர்ந்தது. 1972-73 காலத்தில் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் திட்டம் அது. அங்கே ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோரிடம் அந்தக் குறைந்த செயற்பாட்டு வடிவம் இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் முரடர்களாகவில்லை. சிறு வயதில் கொடுமைப்படுத்தப்பட்டவர்களிடத்தில்தான் அந்த வடிவம் பிற்கால வன்முறையோடு தொடர்புபட்டது. அடி படாமல் வளர்ந்தவர்களிடம் அதனால் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதும் உண்மை. எப்படியாயினும், அந்த ஆய்வு கேட்கச் சொன்ன கேள்வி, “இந்தப் பிள்ளையின் இரத்தத்தில் என்ன இருக்கிறது?” என்பதல்ல, “இந்தப் பிள்ளைக்கு வீட்டில் யார் அடிக்கிறார்கள்?” என்பதே.

இங்கேதான் தமிழ் வாத்தியாருக்கு வேலை வருகிறது. “தலைக்கு ஒரு பழம் கொடு” என்றால் பழத்தைத் தலையில் வைப்பதில்லை, ஆளுக்கொன்று கொடுக்கிறோம். சினையின் பெயர் முதலுக்கு ஆகி வந்த சினையாகுபெயர் அது. ‘மூளை முடிவெடுக்கிறது’, ‘பரம்பரையலகு போரிடுகிறது’ என்பனவும் இத்தகைய பேச்சே. முடிவெடுப்பவர் மனிதர், மூளை அவருடைய சினை. “கை முறிந்தான்” என்கிறோம். முறிந்தது கை, ஆனால் வினை ஆளைக்கொண்டு முடிகிறது. சினைவினை முதலொடு முடிவதற்குத் தொல்காப்பியரே விதி செய்திருக்கிறார். நம் இலக்கணம் ஆளைக் கைவிடுவதில்லை. வெகுசன அறிவியல் எழுத்தோ பல வேளைகளில் ஆளைத் தொலைத்துவிட்டுச் சினையை மட்டும் மேடையேற்றுகிறது.

ரிச்சர்ட் டோக்கின்ஸின் ‘செல்பிஷ் ஜீன்’ 1976இல் வெளிவந்தது. தலைப்பிலுள்ள ‘சுயநலம்’ ஓர் உருவகம். ஆனால் தலைப்போடு நின்றுவிட்டவர்கள் ‘மனிதன் பிறவியிலேயே சுயநலக்காரன், விஞ்ஞானமே சொல்லிவிட்டது’ என்றார்கள். ‘அழியாப் பரம்பரையலகு’ என்ற கருத்தில் தலைப்பிட்டிருக்கலாம் என்று டோக்கின்ஸே பிற்காலத்தில் எழுதினார். தமிழில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். ‘பரம்பரையலகு’ என்பது நம் பாடநூற் சொல். ஆனால் ஊரில் ‘பரம்பரை’ என்ற சொல் எங்கே வரும்? “அவங்கட பரம்பரையே அப்பிடித்தான்” என்று கலியாணப் பேச்சில் வரும். வகுப்பறைக்குள் நுழையும் முன்பே அந்தச் சொல்லுக்குள் ஒரு வசை குடியிருக்கிறது.

நமது சமூகத்துக்குள்ளும் இதே ஆகுபெயர்ச் சிக்கல் இன்னொரு வேஷத்தில் உலவுகிறது. சூரா அலக்கின் 15ஆம், 16ஆம் வசனங்கள் பொய்யுரைக்கும், பாவம் செய்யும் ‘நாஸியா’வை, அதாவது முன்னெற்றி உரோமத்தைக் குறிப்பிடுகின்றன. இது மூளையின் முன்பகுதியைப் பற்றிய முன்னறிவிப்பு என்று பயான்களில் கேட்டிருப்போம். ஆதாரமாகப் பினியஸ் கேஜின் கதையும் சில வேளை சொல்லப்படும். 1848இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில், ஒரு மீற்றருக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி அந்த ரயில் பாதைத் தொழிலாளியின் கன்னத்தால் புகுந்து உச்சந்தலையால் வெளியேறியது. அவர் பிழைத்தார், ஆனால் குணம் கெட்ட வேறு மனிதராகிவிட்டார் என்பது கதை. பல நூல்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகின்றன. பிற்பாடு அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடங்கள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளைக் கட்டுப்படுத்தி, பயணிகளைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்க்கும் பொறுப்பான தொழில் அது. 1860இல்தான் இறந்தார். முன்மூளை சிதைந்த ஒருவர் மீண்டும் ஓர் ஒழுங்கான வாழ்க்கைக்குத் திரும்பியிருக்கிறார் என்ற பகுதி, ‘மூளை போனால் குணம் போகும்’ என்ற பாடத்துக்கு உதவாததால் விடுபட்டுப்போகிறது.

வசனத்துக்கு வருவோம். நெற்றி முடியைப் பிடித்திழுப்பது அறபு மொழி மரபில் இழிவுபடுத்தலின் அடையாளம். பொய்யும் பாவமும் நாஸியாவுக்குச் சொல்லப்பட்டாலும், கருதப்படுபவர் அதன் சொந்தக்காரரே என்பது முற்கால முபஸ்ஸிர்களின் விளக்கம். அறபு அணியியலில் இது மஜாஸ், நம்மிடம் சினையாகுபெயர். இதை நேர்ப்பொருளாக எடுத்து, பொய் சொல்வது மூளையின் ஒரு பகுதிதான் என்றால், மறுமையில் விசாரிக்கப்படுவது யார்? மறையை விஞ்ஞானத்தால் நிரூபிக்கப் போனவர், தன்னை அறியாமலே மனிதனின் பொறுப்பை மண்டையோட்டுக்குள் தள்ளிவிட்டுத் திரும்புகிறார்.

சபோல்ஸ்கி அறிந்தே அந்த இடத்துக்குப் போகிறார். 2023இல் வெளிவந்த ‘டிடர்மின்ட்’ நூலில், மனிதனுக்குச் சுயவிருப்பம் என்று ஒன்று கிடையாது என வாதிடுகிறார். இங்கே எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஒரு செயலுக்குப் பல காரணங்கள் இருக்கின்றன என்பது வேறு, செய்தவரே இல்லை என்பது வேறு. ஜபரிய்யாக்கள் முதல் இமாம் அஷ்அரீயின் ‘கஸ்ப்’ வரை நமது அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டிய கேள்வி இது. களா கத்ரை நம்பிக்கொண்டே மனிதனைப் பொறுப்பாளியாகக் கண்ட மரபு நம்முடையது. சிறுபிள்ளைக்கும் புத்தி பேதலித்தவருக்கும் அதே மரபு பொறுப்பை நீக்கியும் இருக்கிறது. ஆனாலும் அவசரப்பட்டுப் பழி சொல்லாதே என்ற சபோல்ஸ்கியின் எச்சரிக்கையை நான் தள்ளிவிட மாட்டேன். அது எனக்கே சொன்ன மாதிரி இருந்தது.

அந்தப் பையனோடு பிறகு ஒரு நாள் தனியாகக் கதைத்தேன். நூலில் கற்ற ஒழுங்கில்தான் கேட்டேன். அடிக்க முந்தி அவன் என்ன சொன்னான்? காலையில் சாப்பிட்டாயா? ராத்திரி நித்திரை கொண்டாயா? மூன்றாவது கேள்விக்கு அவன் அழுதான். காரணத்தை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அடித்தது பிழை என்பதை அவனே சொன்னான், மன்னிப்பும் கேட்டான். நான் ஸ்டாஃப் ரூமில் சொன்னதற்கு, அவனிடமும் அவன் தம்பியிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

இத்துறை நூல்களைத் தமிழில் எழுதுவோரிடமும் மொழிபெயர்ப்போரிடமும் ஒரு வேண்டுகோள். கலைச்சொல்லைப் போலவே வினைமுற்றையும் கவனியுங்கள். ‘மூளை செய்தது’ என்று எழுதும் இடங்களில், ‘மூளையில் இது நடந்தபோது மனிதர் செய்தார்’ என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் நீளும். ஆனால் ஆள் தொலைய மாட்டார்.