துப்பாக்கி வெடிக்காத காடு

பேச்சிப்பாறை அணையின் மேல் நின்று பார்த்தால் தண்ணீர், அதற்கப்பால் மலை. மலையின் மடிப்புகளுக்குள் காணிக்காரர்களின் குடியிருப்புகள். சிலவற்றுக்கு நீரைக் கடந்து வள்ளத்தில்தான் போக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படித்தான், பேறுகாலத்துப் பெண்களும் அப்படித்தான்.

அப்படியொரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். ஊர்த் தலைவரை மூட்டுக்காணி என்பார்கள். பெரியவர் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கட்டன் சாயாவும் தந்தார். சினிமாவைப் பற்றிப் பேச்சு வந்தது. பேரன் செல்போனில் ‘விடுதலை’ படத்தைக் காட்டியிருக்கிறான்.

“படம் கொள்ளாம், சாரே. போலீசு உண்டு, தோக்கு உண்டு. ஆனா மலையில கெடக்குத ஆளுவ அடி வாங்குகதுக்கு மட்டும்தானா வாறானுவ?”

இப்படி ஒரு விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை. கிழங்கு தொண்டையில் நின்றுவிட்டது.

வெற்றிமாறன் இயக்கிய ‘விடுதலை’யின் முதல் பாகம் 2023-லும், இரண்டாம் பாகம் 2024 டிசம்பரிலும் வந்தன. நம் மாவட்டத்துக்காரரான ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதையிலிருந்து கிளைத்த படம். முதல் பாகத்தில் மலையில் சுரங்கம் வரப்போகிறது, போலீஸ் முகாம் போடுகிறது, பெண்களை விசாரணை என்ற பெயரில் வதைக்கிறார்கள். தமிழ் சினிமா அதிகம் தொடாத இடம் இது. மனசாட்சியுள்ள வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இரண்டாம் பாகத்தில் கதை மலையை விட்டு இறங்கிவிடுகிறது. பண்ணையார், தொழிற்சங்கம், கட்சிக்குள் பிளவு, வாத்தியாரின் நீண்ட பேச்சு. எல்லாமே முக்கியமானவைதான். ஆனால் மலைக்காரர் மௌன சாட்சியாகிவிடுகிறார். வாத்தியாரும் வெளியூர், போலீசும் வெளியூர். இரண்டு வெளியூர்க்காரர்களின் வாக்குவாதம் நடக்கும் மேடையாகக் காடு மாறிப்போகிறது. மூட்டுக்காணி ஒரே வரியில் சொன்னது அதைத்தான்.

இது அந்த ஒரு படத்தின் குறை மட்டுமல்ல. ஆதிவாசி என்றால் நமக்குக் கதை துப்பாக்கி வெடித்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் பல காலம் நடந்தது என்ன என்று நாம் கேட்பதில்லை.

நக்சல்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 மே 25-ல் போலீஸ் சுட்டு 11 பேர் செத்தார்கள் என்பது பலருக்கும் தெரியும். முந்தின நாள் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்பு பட்டு இறந்ததும் தெரியும். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பு பிகுல் கிசான் என்ற குத்தகைக்காரர், உழுதுகொள்ளலாம் என்ற கோர்ட் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கி, நிலக்காரரின் ஆட்களிடம் அடிபட்டாரே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டம் சொன்னதை வயல் ஒத்துக்கொள்ளவில்லை. வில்லும் அம்பும் அதற்குப் பிறகுதான் வந்தன.

நமக்குப் பக்கத்து வயநாட்டில் வர்கீஸ். ஆதிவாசிகள் பெருமன் என்று கொண்டாடிய நக்சலைட். 1970 பிப்ரவரியில் திருநெல்லிக் காட்டில் ‘மோதலில்’ செத்ததாகச் சொன்னார்கள். 1998-ல் ராமச்சந்திரன் நாயர் என்ற முன்னாள் கான்ஸ்டபிள், மேலதிகாரி மிரட்டியதால் பிடிபட்டவரை நானே சுட்டேன் என்று ஒப்புக்கொண்டார். 2010-ல் ஓய்வுபெற்ற ஐ.ஜி. லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை. மதுபால் 2008-ல் ‘தலப்பாவு’ என்று இதைப் படமாகவும் எடுத்தார். ஆனால் வர்கீஸ் யாருக்காகச் செத்தாரோ அவர்களுக்கு நிலம் கிடைத்ததா? 2003 பிப்ரவரியில் அதே வயநாட்டில், சி.கே. ஜானு தலைமையில் ஆதிவாசிகள் நிலம் கேட்டு முத்தங்காவில் குடிசை போட்டு உட்கார வேண்டியிருந்தது. அங்கும் துப்பாக்கிச் சூடு. தியாகி படமாகிவிட்டார், நிலம் மனுவாகவே இருந்தது.

நாவலாசிரியர்கள் கொஞ்சம் மேல். மகாஸ்வேதா தேவி 1977-ல் பிர்சா முண்டாவைப் பற்றி ‘ஆரண்யேர் அதிகார்’ எழுதினார். தலைப்பே காட்டின் மீதான உரிமை. தமிழில் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’, 2004. வீரப்பன் வேட்டை என்ற பெயரில் அதிரடிப்படை நடத்திய வதைகளைச் சொன்ன நாவல் என்றுதான் அதைப் பேசுகிறோம். எனக்கு அதன் முன்பாதிதான் பெரிது. காடு, சாமி, விதைப்பு, உறவு, அதனூடே நிலம் நழுவுகிற விதம். அதை வாசித்தவனுக்குத்தான் பின்பாதியில் என்ன அழிகிறது என்று விளங்கும். பாலமுருகன் வழக்கறிஞர், ஒரு தாளை வைத்து மனிதனை எப்படிக் காலி செய்வார்கள் என்று அறிந்தவர். இதைச் சொல்லிக்கொடுத்த நாவலை நாம் ரத்தம் சிந்தும் பக்கங்களுக்காக மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். வாசகர்களாகிய நம் குறை அது.

துப்பாக்கி வெடிக்காவிட்டால் நாம் திரும்பிப் பார்த்திருப்போமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாச்சாத்தி என்று பதில் சொல்லலாம். 1992 ஜூன் 20-ல் சந்தனமரம் தேடுகிறோம் என்று வனம், போலீஸ், வருவாய் மூன்று துறையும் சேர்ந்து ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துப்பாக்கி எடுக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ல் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் செத்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம்! அந்தப் பெண்கள் காத்திருந்த காத்திருப்பு எந்த ஆயுதத்துக்கும் குறைந்ததல்ல. பஸ்தர் காடுகளில் இருதரப்புத் துப்பாக்கிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும். ஆனால் முப்பத்தோரு வருஷம் காத்திரு என்று பசித்தவனிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பேச்சிப்பாறைக்கு வருகிறேன். இங்கே புரட்சி இல்லை, மோதல் இல்லை, ஆகவே கதையும் இல்லை. அணை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை பக்கத்திலேயே இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்குக் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைய இந்தத் தண்ணீர்தான். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான். மலை யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது, 2007 டிசம்பர் 31 முதல் நடப்புக்கு வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை. முதலில் கிராம சபை பேச வேண்டும், பிறகு கோட்டக் குழு, பிறகு மாவட்டக் குழு. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் சான்று கொடுப்பது பல ஆண்டுகள் முடங்கியே கிடந்தது. தடை போன பிறகும் தாள் மெதுவாகத்தான் நகர்கிறது.

கிளம்பும்போது மூட்டுக்காணி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்து வந்தார். மனு, நகல், ரசீது, மறுபடி மனு. மழையில் நனையாதிருக்க இரண்டு உறை. ஓர் அலுவலகத்தில் ‘இந்த நம்பரில் ஃபைல் இல்லை’ என்றார்களாம்.

“இத படமா எடுப்பாவளா, சாரே?” என்றார்.

எடுக்க மாட்டார்கள். இதில் சண்டைக் காட்சி இல்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வள்ளம் ஏறி இக்கரை வரும்வரை என்னால் சிரிக்க முடியவில்லை.