காணாது நடக்கும் வினை: தகடூர்ப் பாடல்களும் கடல்கடந்த வாழ்வும்

பொருள்வயிற் பிரிவு தமிழிலக்கணம் பண்டே கண்டு வகுத்த பிரிவுகளுள் ஒன்று. கல்வி, போர், தூது, பொருள் எனக் காரணங்கள் பலவாயினும் பிரிவின் அமைப்பு ஒன்றே. தலைவன் செல்வான், தலைவி இல்லில் இருப்பாள், வினை முடிந்தபின் சென்றவன் மீள்வான். வினை சென்ற இடத்தது. இல்லம் நின்ற இடத்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட துயரே பாலைப் பாட்டின் உயிர்.

இக்காலத்துப் பிரிவு ஒன்று இவ்வமைப்பைத் தலைகீழாக்குகின்றது. தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் வெல்லமண்டி வைத்திருக்கும் ஒருவன் மனைவி மக்களோடு சிங்கப்பூரில் குடியேறிவிட்டான் என்று கொள்வோம். அங்கே அவனுக்கு வீடு உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு. மாத ஊதியமும் உண்டு. ஆயினும் மண்டி மூடப்படவில்லை. கொள்முதல், விற்பனை, கூலி, கடன் யாவும் ஊரில் நடக்கின்றன; அவற்றை அவன் கடலுக்கு அப்பாலிருந்து நடத்துகின்றான். ஈண்டு இல்லம் சென்ற இடத்தது. வினை நின்ற இடத்தது. ஊரில் காத்திருக்கும் தலைவி இல்லை. கடையைக் காத்திருப்பவன் கணக்கன்.

இத்தகைய வாழ்வைக் கூறும் கதைகளை எவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? புலம்பெயர்வு என்ற சொல் செவிப்பட்டவுடன் பாலைத்திணையை நினைத்தல் திறனாய்வில் எளிதாகிவிட்டது. அவ்வளவுகோல் ஈண்டுப் பொருந்தாது என்பதும், பொருந்தும் அளவுகோல் புறப்பாட்டில், சிறப்பாகத் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியைச் சார்ந்த பாடல்களில் உளது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள். தகடூர் இன்றைய தருமபுரியே என்பது அறிஞர் உடன்பட்ட முடிபு.

1. பாலையின் எல்லை

அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடப் போகின்றான். ஆனால் அப்பொருளை எத்தொழிலால், எவரோடு கூடி, எக்கணக்கில் ஈட்டினான் என்பதைப் புலவர் பெரும்பாலும் கூறார். அது குறையன்று; அகத்தின் நெறி. இயற்பெயர் கூறாமையும், உள்ளத்து உணர்வையே உரிப்பொருளாகக் கொள்ளுதலும் அந்நெறிக்கு வேண்டுவன. ஆகவே தொழிலைப் பற்றிய வினாவைப் பாலைப் பாட்டிடம் கேட்டல் முறையன்று.

மேலும், பாலை மீட்சியை நம்பி நிற்பது. முந்நீர் கடந்து செல்லும் செலவு மகளிரோடு நிகழ்வதில்லை எனத் தொல்காப்பியம் வரையறுக்கின்றது. பெண் உடன்செல்லாத செலவில் ஆண் திரும்பியே ஆதல் வேண்டும். குடியேற்றத்திற்கு அங்கு இடமில்லை. ஆனால் வரலாறு குடியேற்றத்தைக் காட்டுகின்றது. தாய்லாந்தின் தகுவாபா என்னுமிடத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனி நாரணம் என்ற குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் வைக்கப்பட்டதையும் கூறுகின்றது. குளம் தோண்டுபவன் அடுத்த பருவக்காற்றில் ஊர் திரும்பும் எண்ணத்தோடு தோண்டுவதில்லை. சுமத்திரா தீவின் பாரூசு அருகே உள்ள 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கு நிலைபெற்றிருந்ததைக் காட்டும்.

தகுவாபாக் கல்வெட்டில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. குளத்தைத் தோண்டியதோடு செயல் முடியவில்லை. அதனைக் காப்போர் இன்னார் என்று பொறிக்க வேண்டியிருந்தது. தான் எந்நாளும் அருகிருந்து பேணவியலாத பொருளுக்குக் காவலர் வேண்டும். இச்செய்தியைப் பாலை அறியாது, புறம் அறியும்.

2. எடுத்துச் செல்லும் தொழில்

அஞ்சி பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது ஒளவையார் பாடியது புறநானூற்று 206ஆம் பாடல். வாயில் காவலனை விளித்து, உன் தலைவன் தன்னை அறியானோ, என்னைத்தான் அறியானோ என்று வினவுகின்றார் புலவர். அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து உலகம் வறிதாகிவிடவில்லை; மரம் வெட்டும் தச்சனின் மக்கள் மழுவொடு காடு புக்கால் அவர்க்குக் காட்டில் குறையில்லாதவாறு போல, கற்றோர்க்கு எத்திசைச் செல்லினும் சோறு உண்டு என்பது அவர் கூற்றின் பொருள்.

இப்பாட்டைப் புலவரின் பெருமிதத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அதற்கும் அடியில் தொழிலைப் பற்றிய ஒரு தெளிவு உண்டு. தச்சனின் மழுவும் புலவரின் கல்வியும் உடையவனோடு உடன்செல்வன. கருவி கையிலிருக்கும் வரை காடு எங்கும் உளது. தென் தாய்லாந்தின் குவான் லுக் பட் என்னுமிடத்தில் கிடைத்த பொன்னுரைகல் ஒன்று இவ்வுண்மைக்குக் கண்கூடான சான்று. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அச்சிறு கல்லில் பெரும்பதன் கல் என்று தமிழ்ப் பிராமியில் பொறித்துள்ளது. பெரும்பதன் என்ற பொற்கொல்லனின் மழு அவ்வுரைகல். அதனோடு அவன் கடல் கடந்தான்; ஊரில் விட்டுச்சென்ற பட்டறையைப் பற்றிய கவலை அவனுக்குத் தேவையில்லை.

மண்டிக்காரனின் நிலை வேறு. அவன் தொழில் கருவியில் இல்லை, இடத்தில் உளது. எந்த உழவன் எவ்வளவு முன்பணம் பெற்றான், எவன் பாகு நன்கு முற்றும், எவனுக்குக் கடன் கொடுக்கலாம் என்ற அறிவெல்லாம் ஊரோடு ஒட்டியவை. கடையைப் பெயர்த்தெடுத்துச் செல்லவியலாது. ஆகவே ஒளவையார் காட்டும் உரிமை தச்சனுக்கும் புலவனுக்கும் உரியது, கடையுடையானுக்கு உரியதன்று.

அஞ்சியின் குடிச்சிறப்பைக் கூறும் 99ஆம் பாடலில் ஒளவையார் இதன் மறுதலையைக் காட்டுகின்றார். அதியமானின் முன்னோர் கரும்பைப் பிறிதோரிடத்திலிருந்து இந்நிலத்துக்குக் கொணர்ந்தனர் என்பது அப்பாடல் தரும் செய்தி. புறத்திருந்து வந்த பயிர் இங்கே ஊன்றி வாழையடி வாழையாய் நின்றது. தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்தமை அப்பயிரின் நெடுவாழ்வைக் காட்டும். ஒரு பொருள் பெயர்ந்து சென்று ஊன்றலாம். ஊன்றிய பின் அதற்கு நாள்தோறும் நீர் வேண்டும். ஊன்றியதைப் பேணுவோன் அருகில் இருத்தல் வேண்டும் என்பதே கரும்பு கற்பிக்கும் பாடம்.

3. காணாது ஈதல்

இப்பொருளுக்கு மிக இன்றியமையாதது 208ஆம் பாடல். குன்றும் மலையும் கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை அஞ்சி நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைக் கொள்ள மறுத்தார். காணாமல் தந்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வாணிகப் பரிசிலன் அல்லர் என்றும், தம் தகுதியின் அளவறிந்து தருவாராயின் தினையளவே எனினும் இனிது என்றும் கூறினார்.

புலவர் கூற்று புரவலர் உறவைப் பற்றியது. வாணிகத்தைப் பற்றியதன்று என்று சிலர் கருதலாம். ஆனால் வாணிகத்தை ஒப்புமைக்குக் கொணர்ந்தவர் புலவரே. காணாது கொடுத்தலும் காணாது கொள்ளுதலும் வாணிகத்துக்கு இயல்பு. பரிசிலுக்கு இழுக்கு என்று அவர் பிரிக்கின்றார். அப்பிரிவில் வாணிகத்தின் இலக்கணம் ஒன்று அடங்கியுள்ளது. முகம் காணாமல் நடக்கவல்ல உறவே வாணிகம்.

இவ்விலக்கணம் அக்கால நடைமுறைக்கு ஒத்ததே. வியன்னாவில் உள்ள, 1985இல் வெளியிடப்பெற்ற 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத் தாள்முறி ஒன்று முசிறி வாணிகத்திற்கான கடன் ஒப்பந்தத்தைக் கூறுகின்றது. சரக்கு வழியில் கடன் கொடுத்தவரின் அல்லது அவர்தம் முகவரின் ஆட்சியிலும் முத்திரையிலும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. காணாத பொருளுக்கு முத்திரையும் முகவரும் கண்ணாயினர். பட்டினப்பாலை புகாரின் வணிகரைப் பழிக்கு அஞ்சுவோர் எனவும், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப நோக்குவோர் எனவும் போற்றுதலும் இதனாலேயே. முகம் காணாத இடத்தில் துலாக்கோலே முகம்.

ஆயினும் துலாக்கோல் தானே நிறுக்காது. அதனைப் பிடிப்பவன் வேண்டும். இங்கே 95ஆம் பாடல் துணைபுரிகின்றது. அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஒளவையார், மாற்றான் அரண்மனையில் நின்று, அவன் படைக்கலங்களின் பொலிவைப் புகழ்வார் போன்று தம் தலைவனின் போர்த்தொழிலை உயர்த்துகின்றார். தலைவன் காணாத இடத்திலும் அவன் பொருட்டே பேசும் சொல் அது. காணாது நடக்கும் வினைக்கு இத்தகைய ஒருவர் தேவை. அவரைத் தேர்தற்கு வள்ளுவர் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்களை வைத்தார். ஆராயாமல் நம்புதலும் நம்பியபின் ஐயுறுதலும் ஒருங்கே தீராத துன்பம் தரும் என்பது அவர் முடிபு.

4. நாவலில் இவ்வளவுகோல்

இவ்வளவுகோலைப் ப. சிங்காரத்தின் கடலுக்கு அப்பால் என்ற நாவலோடு பொருத்திக் காண்போம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் இந்தோனேசியாவின் மேடானில் கடைவேலை பார்த்து, போருக்குப் பின் 1946இல் தாயகம் மீண்டவர் ஆசிரியர். நூல் 1959இல் வெளிவந்தது.

நாவலின் களமாகிய வட்டிக்கடை அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். செட்டிநாட்டில் முதலாளி இருப்பார். பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடக்கும். முகவரும் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூன்றாண்டுக் கணக்குக்குக் கடல் கடப்பர். பேரேடும் ஐந்தொகையும் ஊருக்கு வரும். பாலக்கோட்டு மண்டிக்காரனின் நிலைக்கு இது கண்ணாடி நிழல்: அங்கே உடையவன் ஊரில், கடை வெளிநாட்டில், இங்கே கடை ஊரில், உடையவன் வெளிநாட்டில். இரண்டிலும் நடுவே கடல். இவ்வமைப்பின் வலிமையும் வழுவும் பர்மாவில் தெரிந்தன. பொருளாதார வீழ்ச்சியால் கடன் திரும்பாமற்போக, கீழ்ப்பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடாயிற்று. உழாத, பாராத நிலத்துக்கு அவர்கள் உடையவராயினர். 1942இல் சப்பானியர் புகுந்தபோதும், பின்னர்ப் பர்மிய அரசு நாட்டுடைமை செய்தபோதும் அவ்வுடைமை நிலைகுலைந்தது. கணக்கேட்டில் தவறில்லை, உழுதவனின் முகத்தைக் கணக்கேடு காட்டவில்லை.

சிங்காரத்தின் நாவலில் பினாங்கில் கடை நடத்தும் வானாயீனா தம் கடையாளாகிய செல்லையாவை மருமகனாக்க எண்ணியிருந்தவர். செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போர்க்களம் கண்டு திரும்புகின்றான். துவக்கு ஏந்தியவன் பெட்டியடிக்கு ஒவ்வான் என்று கருதித் தம் மகள் மரகதத்தை வேறொருவனுக்குத் தர முதலாளி முடிவு செய்கின்றார்.

பாலைக் கண்ணோடு படிப்பவர் இதனைக் காதலைப் பொருள் வென்ற கதை என்பர். வானாயீனாவைக் கொடியவர் என்பர். அவ்வாறு கொள்ளின் நூலின் கூர்மை மழுங்கும். வானாயீனா செல்லையாவை அறியாதவர் அல்லர். அவன் திறமையையும் நேர்மையையும் நாள்தோறும் கண்டவர். பெருஞ்சித்திரனாருக்கு நேர்ந்த காணாமை ஈண்டு இல்லை. இங்கு நேர்ந்தது வேறு. முதலாளி கண்டார், ஆனால் கடையின் அளவுகோல் ஒன்றே கொண்டு கண்டார். தம் காலத்துக்குப் பின்னும், தாம் இல்லாத இடத்தும் பெட்டியைக் காப்பவன் எவன் என்ற ஒரே வினாவுக்கு மகளின் மணம் விடையாக்கப்படுகின்றது. காணாது நடக்கும் வினைக்கு வேண்டிய நம்பகத்தைக் குருதியுறவால் வாங்கும் முயற்சி அது. அதற்கு விலை கொடுத்தவள் மரகதம். அவளது அளவை அறிந்தார் எவரும் இலர். நாவலின் துயரம் பிரிவினால் விளைந்ததன்று; காவலனைத் தேர்ந்த முறையினால் விளைந்தது.

அதே ஆசிரியரின் புயலிலே ஒரு தோணி 1972இல் வெளிவந்தது. அதன் தலைமகன் பாண்டியன் மேடானில் இருந்துகொண்டு சின்னமங்கலத்துச் சந்தையைக் கடை கடையாக நினைவுகூர்கின்றான். அவன் நினைக்கும் கடைகள் எவையும் அவனுடையன அல்ல. ஆதலின் அவற்றுக்குக் காவலன் தேவையில்லை. இந்நினைவைப் பாலை எனலாம், தகும். செல்லையாவின் கதையை அவ்வாறு கூறல் தகாது. ஒரே ஆசிரியரின் இரு நூல்களில் ஏக்கமும் உடைமையும் இவ்வாறு பிரிந்து நிற்றல் ஆய்வுக்குரியது.

5. இன்றைய நிலை

இன்று தொலைவு குறைந்துவிட்டது என்பர். மண்டியின் கல்லாவையும் எடைமேடையையும் சிங்கப்பூரில் இருப்பவன் கைப்பேசியில் காணலாம். பணம் நொடியில் கைமாறும். அதிகாரப் பத்திரம் எழுதி ஊரிலுள்ளவரைத் தன் சார்பில் கையொப்பமிடச் செய்யலாம். அவ்வாறாயின் காணாமை ஒழிந்ததோ எனின், ஒழியவில்லை. பெருஞ்சித்திரனார் வேண்டிய காட்சி பொருளைக் காணுதல் அன்று; ஆளின் அளவறிதல். கருவி மூட்டைகளை எண்ணும். கடையைத் திறந்து மூடுபவனின் உழைப்பையும் மனக்குறையையும் எண்ணாது. ஐயுறவால் நாள்தோறும் படக்கருவி வழியே பார்ப்பவன் வள்ளுவர் விலக்கிய இரண்டாம் பிழையைச் செய்பவன்.

ஆகவே இவ்வகைக் கதையை ஆராய்வோர், சென்றவனின் ஏக்கத்தை அளப்பதோடு அமையாமல், நின்றவனுக்கு அங்கே பெயர் உண்டா, குரல் உண்டா, அவன் அளவை எவரேனும் அறிந்தனரா என வினவுதல் வேண்டும். கணக்கனை வெறும் நிழலாக விட்ட கதை, எத்துணை உருக்கமாயினும், தன் பொருளில் பாதியை இழந்த கதையே ஆகும். மழுவை எடுத்துச் செல்வோன் எத்திசையும் செல்லலாம். கரும்பை ஊன்றிச் செல்வோன் நீர் பாய்ச்சுவோனை அறிந்து செல்லல் வேண்டும். தகடூர்ப் பாடல்கள் தரும் அளவுகோல் இது. இதனைக் கொண்டு கடல்கடந்த தமிழரின் பிற கதைகளையும் ஆராய்தல் இளைய ஆய்வாளர் கடன்.