விளக்கும் குடமும்

இலங்கை அரசியலமைப்பின் தமிழ் வாசகத்தில் ‘மக்கள் தீர்ப்பு’ என்றொரு சொற்றொடர் உண்டு. ஒரு சட்டத்தை அல்லது தேசிய முக்கியத்துவமுள்ள ஒரு விடயத்தை வாக்காளர் முன் நேரடியாக வைத்து முடிவு கேட்கும் முறைக்கு அது பெயர். பேச்சு வழக்கில் அதனைச் சர்வசன வாக்கெடுப்பு என்கிறோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் நாடு தழுவிய அளவில் அது ஒரே ஒரு தடவைதான் நடைபெற்றது. 1982 டிசம்பர் 22ஆம் திகதி நடந்த அவ்வாக்கெடுப்பில், 1977 ஜூலையில் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத் தேர்தல் இன்றியே மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டலாமா என்று கேட்கப்பட்டது. ஆம் என்போருக்கு விளக்குச் சின்னம். இல்லை என்போருக்குக் குடம். விளக்குக்கு 31 இலட்சத்து 41 ஆயிரம் வாக்குகளும் குடத்துக்கு ஏறத்தாழ 26 இலட்சத்து 6 ஆயிரம் வாக்குகளும் விழுந்தன.

தீர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் தலை வணங்கி விடுகிறோம். ஆனால், தீர்ப்பை மதிப்பிடுமுன் வினாவை மதிப்பிட வேண்டாமா?

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. உயர்தர வகுப்பு மாணவன் ஒப்புவிக்கும் இப்பட்டியலில் 1982இன் வினா எங்கே அமரும்? மக்களின் மனத்தை அறிய விரும்பியவன் கேட்ட அறியா வினா அன்று அது. அந்த விருப்பம் இருந்திருந்தால் பொதுத் தேர்தலே போதும். ஐய வினாவும் அன்று. கேட்டவருக்கு ஐயமே இருக்கவில்லை. கடைக்காரனிடம் ‘பருப்பு உண்டா?’ என்று கேட்பது கொளல் வினா. கேட்பவன் ஒன்றை வாங்கிக் கொள்ளவே கேட்கிறான். இங்கே வாங்கப்பட்டவை ஆறு ஆண்டுகள். அவசரகாலச் சட்டம் நிலவ, ‘அத்த’ போன்ற எதிர்ப்புப் பத்திரிகையின் அச்சகம் பூட்டப்பட்டிருக்கக் கேட்கப்பட்டமையால், அது ஏவல் வினாவாகவும் முறுக்கேறியது.

விடையையும் பார்ப்போம். நன்னூல் விடையை எட்டு வகையாக்கும். வாக்குச் சீட்டில் இருந்தவையோ நேர்விடையும் மறைவிடையும் ஆகிய இரண்டே. வினாவையே எதிர்த்து வினாவுதல் என்றொரு வகை உண்டு. ‘ஏன் தேர்தல் வைக்கவில்லை?’ என்பதே அன்று நேர்மையான மனிதன் சொல்லக்கூடிய விடை. அதற்குச் சீட்டில் இடமில்லை. 1977இல் ஏறக்குறைய நூற்றுக்கு 51 வீத வாக்குகளைக் கொண்டு 168 ஆசனங்களில் 140ஐப் பெற்ற கட்சி, விகிதாசார முறையிலான புதிய தேர்தலைச் சந்தித்திருந்தால் அந்த ஆறில் ஐந்து பலத்தை வைத்திருக்க முடியாது. நூற்றுக்கு 54.7 வீத விளக்கு அதனை அப்படியே காத்துக் கொடுத்தது. உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களில் நால்வர் இதற்கு வழிவிட்டனர், மூவர் உடன்படவில்லை.

சின்னங்களைத் தேர்ந்தவரின் சாதுரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். விளக்கை வேண்டாம் என்று யார் சொல்வார்? குடமும் மங்கலப் பொருள்தான்; உத்திரமேரூரில் ஓலைகளைப் போட்டு ஊர் வாரியத்தைத் தெரிந்ததும் குடத்திலிருந்தே. ஆனால், ஈமக் கிரியையில் உடைபடுவதும் அதுவே. மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த லயக்காம்பராவில், பீலிக்கரையில் வரிசை நின்று குடத்தில் நீர் சுமந்த பெண்ணுக்கு இரண்டும் அன்றாடப் பாடுகள். எந்தப் படத்துக்கு எது பொருள் என்பதை அவளுக்கு எடுத்துச் சொன்னவன் யார் என்பதுதான் கேள்வி.

அதைவிடப் பெரிய கேள்வி, ‘மக்கள்’ எனப்பட்டோர் யார் என்பது. ஊவாவில் நின்று பார்ப்பவனுக்கு அது கண்ணில் குத்தும். 1947 தேர்தலில் இரட்டை அங்கத்தவர் தொகுதியான பதுளையிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். அவ்வாண்டு தெரிவான காங்கிரசார் எழுவரில் ஒருவர் அவர். தலவாக்கலையில் வென்ற கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை மற்றொருவர். 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களை அனுப்பிய மக்களின் வாக்கைப் பறித்தன. அன்று எந்த மக்கள் தீர்ப்பும் கோரப்படவில்லை. பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் தொழிலாளியின் பெயர் செக்ரோலில் இருந்தது. வாக்காளர் இடாப்பில் இல்லை. 1964 அக்டோபரில் இரு பிரதமர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் உயிர்களை மேசையில் வைத்து, இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மிச்சம் பின்னர் என்று பகிர்ந்தபோதும், கொளல் வினாவாகக்கூட ஒன்று எழவில்லை. மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற புகைவண்டிதான் அதற்கு விடையாகத் தலைமன்னாருக்கு ஓடியது.

1982இலும் நாடற்றோர் இலட்சக்கணக்கில் இருந்தனர். பிரசாவுரிமை பெற்றிருந்த தோட்டத்தாருக்கு மட்டுமே சீட்டுக் கிடைத்தது. அவர்களின் தலைவர் தொண்டமான் 1978 முதல் அமைச்சராக இருந்த அரசாங்கமே விளக்கை ஏந்தி நின்றது.

அந்த வெளிச்சம் எப்படி இருந்தது என்பதை நாம் ஏழே மாதங்களில் கண்டோம். 1983 ஜூலை 27இல் பதுளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பழைய கணக்கின்படி ஆகஸ்ட் 4ஆம் திகதியோடு முடிந்திருக்க வேண்டிய பாராளுமன்றம், ஆகஸ்ட் 8இல் ஆறாவது திருத்தத்தைச் சட்டமாக்கிற்று. அது விதித்த சத்தியத்தை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். குடத்துக்குப் பெருவாரியாக வாக்களித்த வடக்கின் குரல் இப்படி அடங்கியது.

நாடற்றோருக்குப் பிரசாவுரிமை தந்த 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களும் அதே நீடித்த பாராளுமன்றத்தில்தானே வந்தன என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆயின், 1986 ஜனவரியில் தோட்டங்களில் வேலைக்கு இறங்காமல் பிரார்த்தனைப் போராட்டம் நடத்திய தொழிலாளரை மறந்துவிட்டு அப்பெருமையை விளக்கின் கணக்கில் எழுதுவது எந்த நியாயம்? கொழுந்து பறிக்காத கைகளே அன்று அரசோடு பேசின. அப்போதும் வேலை முடியவில்லை. எஞ்சிய நாடற்றோருக்காக 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் என இன்னொன்று இயற்ற வேண்டியிருந்தது. சுப்பையா தெரிவான ஆண்டுக்கும் அதற்கும் இடையே 56 ஆண்டுகள்.