புடைநூல்: கையடக்க விளையாட்டுகளும் ‘ஒரிஜினல்’ என்னும் அதிகாரமும்

ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை நீளும் தோல் பிரதேசத்தில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு ரொம்பத் துல்லியமான பொருள் உண்டு. ஷூ இங்கேதான் வெட்டப்படுகிறது, தைக்கப்படுகிறது, பெட்டியில் அடைக்கப்படுகிறது. வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரை ஏறினால் அது ஒரிஜினல். அதே தோலில், அதே கை தைத்தது முத்திரையில்லாமல் வெளியே வந்தால் லோக்கல். ஆக, ஒரிஜினல் என்பது பண்டத்தின் குணத்தைச் சொல்வதில்லை. உடைமையாளன் யார் என்பதைச் சொல்கிறது. இந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நமது விமர்சகர்கள் தொடாத ஒரு பிரதிவகையை வாசிக்க முடியும். வீடியோ விளையாட்டுத் தொடர்களின் கையடக்கக் கிளைகளைச் சொல்கிறேன். ‘வெளாட்டுச் சாமானுக்கெல்லாமா விமர்சனம்?’ என்று கேட்கிற நண்பர்கள், பாக்கெட் நாவலைப் பற்றியும் இப்படித்தான் கேட்டார்கள்.

ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1989இல் கேம் பாய் என்னும் கைக்கருவியை வெளியிட்டது. அகலத்தில் 160, உயரத்தில் 144 புள்ளிகள். நிறம் கிடையாது, நான்கு சாயல்கள் மட்டும். நான்கு பென்சில் பேட்டரி. கருவியின் பின்னிருந்த குன்பேய் யோகோய், 1965இல் அந்தக் கம்பெனியின் சீட்டுக்கட்டு ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவர். பழகித் தேய்ந்து மலிந்த தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்து என்பது அவர் கோட்பாடு. டி.வி. பெட்டியில் ஆடப்பட்ட புகழ்பெற்ற தொடர்கள் இந்தச் சின்னத் திரைக்கும் இறங்கி வந்தன. மூலத்தின் குறுகல், ஏழையின் பதிப்பு என்றே அவை பார்க்கப்பட்டன. சில சமயம் அது நிஜமும்கூட. 1995இல் கேம் பாய்க்கு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் II, இடம் போதாமல் சண்டைக்காரர்கள் சிலரை வெட்டியது. வெட்டுப்பட்டவர்களில் ஒருவர் தல்சிம், அந்த விளையாட்டின் ஒரே இந்தியர்!

ஆனால் எல்லாக் கிளையும் குறுகல்தானா? இங்கே நன்னூல் உதவுகிறது. பவணந்தி நூலை மூன்றாகப் பகுக்கிறார்: முதல், வழி, சார்பு. முதல்நூல் வினை நீங்கிய முனைவன் கண்டது. உரைகாரர் பலருக்கு முனைவன் என்றால் கடவுள். அப்படியானால் மனிதர்கள் எழுதும் எதுவும் முதல்நூல் இல்லை. மிஞ்சுவது வழியும் சார்பும்தான். வழிநூல் முன்னோர் நூலோடு முடிவில் ஒத்துப்போய், தனக்கு வேண்டிய விகற்பத்தைச் சொல்லும். சார்புநூல் முன்னவற்றில் ஒரு சிறு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு திரியும். அதற்குப் புடைநூல் என்றும் பெயர். ‘முதலா, நகலா?’ என்ற இருமை எதிர்வு நமது இலக்கணத்தில் இல்லை. அதன் கேள்வி: எவ்வளவு திரிந்திருக்கிறது?

1989இல் கேம் பாயோடு வந்த ‘சூப்பர் மாரியோ லேண்ட்’ ஒரு புடைநூல். மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோ இதில் ஈடுபடவில்லை. யோகோயின் குழு செய்தது. வழக்கமான காளான் ராஜ்யம் இல்லை. பிரமிடுகளும் ஈஸ்டர் தீவின் கல்தலைகளும் கலந்த சரசாலாண்ட் என்ற வேறொரு தேசம். ஓடித் தாவுகிற மாரியோ நடுவில் நீர்மூழ்கியில் ஏறிச் சுடுகிறான். 1992இல் இரண்டாம் பாகம் வந்தபோது அதே குழு ஒரு வில்லனைக் கொண்டுவந்தது. மாரியோவின் ‘எம்’ எழுத்தைத் தலைகீழாக்கினால் வரும் ‘டபிள்யூ’ போட்ட தொப்பிக்காரன், வாரியோ. வாருய் என்றால் ஜப்பானியத்தில் கெட்ட. வேறொருவரின் பாத்திரத்துக்கு உழைப்பதில் குழுவுக்கு இருந்த கசப்பிலிருந்துதான் இவன் பிறந்தான் என்று ஹிரோஜி கியோதகே பின்னாளில் சொன்னார். தொழிலாளியின் எரிச்சல் ஒரு பாத்திரமாகிறது! 1994இல் அந்த வில்லனே கதாநாயகனானான்.

1993இன் ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ இன்னும் ஆழமான திரிபு. செல்டா தொடரின் இந்தக் கிளை கம்பெனி போட்ட திட்டமாகத் தொடங்கவில்லை. வேலை நேரம் முடிந்தபிறகு சில நிரல் எழுத்தாளர்கள் கூடி விளையாட்டாக ஆரம்பித்தது. தொடரைப் பகடி செய்வதுபோலவே இருந்தது என்று இயக்குநர் தெசுகா நினைவுகூர்ந்திருக்கிறார். இளவரசி வருவதில்லை, பெயர் மட்டும் வருகிறது. மாரியோ தொடரின் உருவங்கள் கூச்சமில்லாமல் உள்ளே திரிகின்றன. கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கும் வீரன் வெளியேற வேண்டுமென்றால் உறங்கும் காற்றுமீனை எழுப்பவேண்டும். அந்தத் தீவே மீனின் கனவு. மீன் விழித்தால் அங்கே வாழ்பவர்கள் அத்தனை பேரும் மறைவார்கள். வீரனின் வெற்றி ஓர் ஊரை அழிக்கிறது. தான் இன்னொன்றின் கனவுதான் என்று தெரிந்த ஊர், தான் கிளைதான் என்று தெரிந்த பிரதி. இதை வெறும் குட்டி செல்டா என்று சொல்ல எந்த வாசகருக்கு மனசு வரும்?

இந்த இடத்தில் நம் கோட்பாட்டுத் தோழர்கள் சிலர் அவசரப்படுவார்கள்: ஆசிரியன்தான் இறந்துவிட்டானே, அசல் ஏது நகல் ஏது, எல்லாம் பிரதிதானே. சரி, ஆசிரியன் இறந்தான். கூலி யாருக்குப் போனது? நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் கிடைத்தது கேம் பாய் இல்லை, ‘9999 இன் 1’ என்று அச்சிட்ட பிரிக் கேம். டெட்ரிஸின் நகல். டெட்ரிஸை 1984இல் மாஸ்கோவில் உருவாக்கிய அலெக்ஸி பஜித்னோவுக்கு ராயல்டி வரத் தொடங்கியது 1996இல்தான். தொடக்கத்தில் உரிமை சோவியத் அரசிடம் இருந்தது. கேம் பாயை உலகெங்கும் விற்றுக்கொடுத்ததில் அவர் விளையாட்டுக்குப் பெரும்பங்கு. பிரிக் கேமைச் செய்தவர்களின் பெயரோ யாருக்கும் தெரியாது. பத்துக்கு இருபது கட்டங்களுக்குள் அவர்கள் அதே செங்கல்லைக் காராக்கினார்கள், டாங்கியாக்கினார்கள், பாம்பாக்கினார்கள். அது விகற்பம். வேகத்தையும் படிநிலையையும் மாற்றி மாற்றி எண்ணி 9999 என்றது வியாபாரப் பொய். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியவேண்டும். எல்லாமே பிரதி என்று கைகழுவினால் அந்தக் கைவேலையும் சேர்ந்து காணாமல்போகும்.

2019இல் ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ புதிய வண்ணத்தில், பெரிய விலையில், தலைமைத் தொடரின் பெருமைக்குரிய படைப்பாக மறுபடி வந்தது. வேலை முடிந்த மாலைகளின் பகடியை இப்போது முத்திரை தன்னுடையது என்கிறது. கிளை செழித்தால் அது மரத்தின் புகழ். பட்டுப்போனால் கிளையின் குற்றம். இந்தக் கணக்கை ஏற்காமல் வாசிப்பதே விமர்சனத்தின் வேலை. கொடுத்த அச்சுக்குள் நின்றுகொண்டு யார், எங்கே, எவ்வளவு திருப்பினார்கள் என்று பார்க்கவேண்டும். பார்த்தால் பெயர் சொல்லவேண்டும். பெயர் கிடைக்காதபோது, பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது என்பதையாவது எழுதவேண்டும்.